டிஸ்க் வேஷம் போடுற டேப்: எல்டிஎஃப்எஸ் உள்ள என்னதான் நடக்குது?

ஒரு எல்டிஓ-9 டேப்ப (கம்பெனிகள் டேட்டாவ சேத்து வைக்கிற காந்த நாடா, அதுல ஒன்பதாவது தலைமுறை) முழு வேகத்துல, அதாவது செகண்டுக்கு 400 எம்பி, முதல்லருந்து கடைசி வரைக்கும் படிச்சா 18 டிபியும் பன்னண்டரை மணி நேரத்துல வெளிய வந்துரும். இப்ப அதே டேப்ல அங்கங்க சிதறிக் கிடக்கிற ஆயிரம் ஃபைல எடுக்கணும், எல்லாம் குட்டி ஃபைல்தான்னு வைங்க, பேர் வரிசைல ஒண்ணொண்ணா கேக்குறீங்க. ஒவ்வொரு ஃபைல் இருக்கிற இடத்துக்கும் ஹெட் போய்ச் சேர சராசரியா முக்கால் நிமிஷம்னு போட்டாக்கூட 45,000 செகண்டு, கணக்குப் பாத்தா அதே பன்னண்டரை மணி நேரம்தான். ஆயிரம் குட்டி ஃபைல எடுக்கிறதுக்கும் மொத்த டேப்பையும் உருவுறதுக்கும் ஒரே நேரம் ஆகுதுன்னா எங்கயோ இடிக்குதுல்ல? ஆனா இதுல டேப் மேல ஒரு குத்தமும் இல்ல, டேப்கிட்ட போய் டிஸ்க்குகிட்ட கேக்குற மாதிரி கேட்டதுதான் குத்தம்.

அப்படிக் கேக்க வச்சது எல்டிஎஃப்எஸ், அதாவது டேப்ப டிஸ்க் மாதிரி காட்டுற ஃபைல் சிஸ்டம். 2010-ல ஐபிஎம் இத வெளிய விட்டுச்சு, எல்டிஓ-5 வந்த அதே வருஷம். அதுக்கு முன்னாடி டேப்ல எழுதணும்னா ஒண்ணு டார் (பல ஃபைல ஒரே மூட்டையா கட்டுற ப்ரோக்ராம்) மாதிரி வரிசையா கொட்டணும், இல்ல ஏதாவது பேக்கப் சாஃப்ட்வேர் வாங்கணும். அந்த சாஃப்ட்வேர் எந்த ஃபைல் எந்த டேப்ல எங்க இருக்குன்னு தன்னோட சொந்த டேட்டாபேஸ்ல வச்சுக்கும், அந்த டேட்டாபேஸ் போச்சுன்னா மொத்த டேப்பையும் திரும்ப உக்காந்து ஸ்கேன் பண்ணணும், கம்பெனியே மூடிட்டா அந்த டேப்ப படிக்க ஆளே கிடையாது. எல்டிஎஃப்எஸ் என்ன பண்ணுச்சுன்னா, ஃபைல் லிஸ்ட்ட டேப்புக்குள்ளயே எழுதி வச்சிருச்சு. டேப்ப எந்த ஊர் டிரைவ்ல போட்டாலும் பென் டிரைவ் மாதிரி ஃபோல்டர் ஃபோல்டரா தெரியும். சினிமா, டிவி ஆளுங்களுக்கு இது பெரிய வரமா இருந்துச்சு, 2011-ல ஃபாக்ஸ் நெட்வொர்க்ஸுக்கும் ஐபிஎம்முக்கும் இதுக்காக எம்மி இன்ஜினியரிங் அவார்டே குடுத்தாங்க. அப்புறம் எஸ்என்ஐஏங்கிற ஸ்டோரேஜ் துறை சங்கத்தோட கைக்குப் போய், 2016-ல ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டும் ஆயிருச்சு.

என் பார்வைல எல்டிஎஃப்எஸ்ஸோட பலமும் பலவீனமும் ஒரே இடத்துலதான் இருக்கு, அது போடுற டிஸ்க் வேஷத்துல. வேஷம் எங்கெல்லாம் கலையுதோ அங்கெல்லாம் ஒண்ணு வேகம் அடி வாங்கும், இல்ல டேட்டா ஆபத்துல மாட்டும். இந்த ஏரியால நடந்த முன்னேற்றம் எல்லாத்தையும் அந்தக் கிழிசலத் தைக்கிற வேலையாதான் பாக்குறேன்.

முதல்ல டேப்போட உடம்பு எப்படின்னு பாத்துருவோம், அது தெரியாம மிச்சம் புரியாது. எல்டிஓ-9 டேப்போட நீளம் 1,035 மீட்டர், அரை இஞ்ச் அகலம், அந்த அகலத்துக்குள்ள 8,960 ட்ராக். ஹெட் ஒரே நேரத்துல 32 ட்ராக்க எழுதும், அப்போ ஒரு முனைலருந்து அடுத்த முனை வரைக்கும் 280 தடவ ஓடணும். வயல்ல ஏர் ஓட்டுறவர் வரப்பு வரைக்கும் போய் மாட்டத் திருப்பி பக்கத்து சாலுல திரும்பி வருவாருல்ல, அதே கதைதான். மொத்த டேப்பும் நிறையறதுக்குள்ள ஹெட்டுக்கு அடியில கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் டேப் ஓடியிருக்கும். இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, நம்பர்படி தள்ளித் தள்ளி இருக்கிற ரெண்டு பிளாக் நிஜத்துல பக்கத்துப் பக்கத்து சாலுல ஒட்டிக்கிட்டு இருக்கலாம், நம்பர்படி கிட்ட இருக்கிற ரெண்டு பிளாக் டேப்போட நடுவுக்கும் முனைக்குமா பிரிஞ்சும் கிடக்கலாம். இது பின்னாடி தேவைப்படும்.

எல்டிஓ-5லருந்து டேப்ப பார்டிஷனா பிரிக்கிற வசதி வந்துச்சு, எல்டிஎஃப்எஸ் அதுலதான் கால ஊனி நிக்குது. டேப்ல கொஞ்சூண்டு இடத்த ஒதுக்கி இண்டெக்ஸ் பார்டிஷன், மீதி மொத்தமும் டேட்டா பார்டிஷன். இண்டெக்ஸ்ங்கிறது சாதா எக்ஸ்எம்எல் ஃபைல்தான், நோட்பேட்ல தொறந்து படிக்கலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் பேர், சைஸ், உருவாக்கின நேரம், மாத்தின நேரம், கடைசியா தொட்ட நேரம், ஒரு ஐடி நம்பர், அதுக்குக் கீழ எக்ஸ்டெண்ட்னு ஒரு பகுதி: எந்த பார்டிஷன், எந்த பிளாக்ல ஆரம்பம், அந்த பிளாக்குக்குள்ள எத்தனையாவது பைட், மொத்தம் எத்தனை பைட். பிளாக்கோட சைஸ் வழக்கமா 512 கேபி. டேப்ப மவுண்ட் பண்ணும்போது (டிரைவ்ல போட்டு கம்ப்யூட்டரோட இணைக்கும்போது) இந்த எக்ஸ்எம்எல் முழுசும் மெமரிக்கு வந்துரும், அதனாலதான் டேப் இம்மி நகராமலே ஃபோல்டர் எல்லாம் டக்குனு தெரியுது. நீங்க ஃபைலத் தொறக்கிற வரைக்கும் வேஷம் நல்லாத்தான் இருக்கும்.

இனி எழுதுற பக்கம். டேப்ல நடுவுல போய் ஒரு பிளாக்க மட்டும் மாத்த முடியாது, ஒரு இடத்துல எழுதினா அதுக்குப் பின்னாடி இருக்கிறது எல்லாம் போச்சுன்னு அர்த்தம். அதனால எல்டிஎஃப்எஸ் எல்லாத்தையும் கடைசிலதான் சேக்கும். ஒரு ஃபைல்ல நாலு பைட்ட மாத்தினா அந்தத் துண்டு டேப் கடைசில போய் உக்காரும், இண்டெக்ஸ்ல அந்த ஃபைலுக்கு இன்னொரு எக்ஸ்டெண்ட் சேரும். டெலீட் பண்ணினா இண்டெக்ஸ்லருந்து பேர் மட்டும் போகும், இடம் திரும்பக் கிடைக்காது. அது வேணும்னா டேப்ப முழுசா இன்னொரு டேப்புக்கு காப்பி பண்ணிட்டு இத ஃபார்மட் அடிக்கணும். அங்கேயே வச்சு எடிட்டிங் ப்ராஜக்ட்ல வேலை பாக்கலாம்னு நினைக்கிறவங்க இந்த இடத்துலதான் மாட்டுறாங்க.

சரி, இண்டெக்ஸ எப்ப எழுதுறது? இதுதான் இந்த விஷயத்தோட முதுகெலும்பு. ஃபைலோட டேட்டா டேப்ல ஏறிட்டாலும், அது எங்க இருக்குன்னு சொல்ற இண்டெக்ஸ் ஏறாத வரைக்கும் அந்த ஃபைல் மெமரில மட்டும்தான் "இருக்கு". கரண்டு போனா டேட்டா டேப்ல பத்திரமா கிடக்கும், ஆனா பேர் சொல்ல ஆளிருக்காது. அப்ப ஒவ்வொரு ஃபைல மூடும்போதும் இண்டெக்ஸ எழுதிட்டா? பத்திரம்தான், ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 18 டிபி டேப்ல சராசரி 18 எம்பி ஃபைலா பத்து லட்சம் ஃபைல் போடுறீங்க. ஒரு ஃபைலுக்கு எக்ஸ்எம்எல்ல ஏறக்குறைய ஒரு கேபின்னு வச்சா கடைசில இண்டெக்ஸ் ஒரு ஜிபி வரும், ஆரம்பத்துல ஒண்ணுமே இல்ல, அப்போ சராசரி அரை ஜிபி. பத்து லட்சம் தடவ அரை ஜிபின்னா 500 டிபி. 18 டிபி டேப்புக்கு 500 டிபி அட்டவணை! பொண்ணு வீட்டு சீர விட வண்டிச் செலவு அதிகம்ங்கிற கதைதான்.

அதனால எல்டிஎஃப்எஸ்ல மூணு வழி வச்சிருக்காங்க: ஃபைல மூடும்போது எழுது, குறிப்பிட்ட நிமிஷத்துக்கு ஒருக்கா எழுது, இல்ல அன்மவுண்ட் பண்ணும்போது மட்டும் எழுது. ஐபிஎம்மோட ஓப்பன் சோர்ஸ் வெர்ஷன்ல நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா 5 நிமிஷத்துக்கு ஒருக்கா எழுதும். அதே பத்து லட்சம் ஃபைல் கணக்குல பன்னண்டரை மணி நேரத்துக்கு 150 இண்டெக்ஸ், மொத்தம் 75 ஜிபி. 18 டிபில இது ஒண்ணுமே இல்ல. ஆனா இங்க இடம் ஒரு பொருட்டே இல்ல, டேப் நின்னு போறதுதான் விஷயம். ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் முன்னாடி ஒரு ஃபைல் மார்க் (ஒரு பகுதி முடிஞ்சுதுன்னு டேப்ல போடுற அடையாளம்), பின்னாடி ஒரு ஃபைல் மார்க் எழுதணும், சாதாரணமா ஃபைல் மார்க் எழுதினா டிரைவ் தன்னோட பஃபர்ல (டேட்டாவ தற்காலிகமா வச்சுக்கிற மெமரில) இருக்கிறத மொத்தமா டேப்ல இறக்கிட்டுத்தான் அடுத்த வேலையப் பாக்கும். அந்த நேரத்துல புது டேட்டா வராது. செகண்டுக்கு பல மீட்டர் வேகத்துல ஓடிட்டிருந்த டேப் நின்னு, கொஞ்ச தூரம் பின்னாடி போய், மறுபடி ஓடி வேகம் பிடிச்சு, விட்ட எடத்துலருந்து எழுதணும். இந்த முன்னும் பின்னும் ஆட்டம் அதிகமானா நேரமும் போகும், டேப்பும் ஹெட்டும் தேயும். சர்வர்லருந்து டேட்டா மெதுவா வந்தாலும் இதே கூத்துதான், அதுக்காகத்தான் டிரைவ்கள் வர்ற வேகத்துக்கு ஏத்த மாதிரி டேப் ஓடுற வேகத்தக் குறைச்சுக்கும், ஆனா அதுக்கும் ஒரு கீழ் எல்லை இருக்கு, அதுக்கும் கீழ போனா நின்னு நின்னுதான் ஓடும்.

ஃபைல் மார்க் விஷயத்துல சேர்ன் ஆளுங்க பட்ட பாடு நல்ல உதாரணம். ஜெனீவால இருக்கிற அந்த ஆராய்ச்சிக் கூடம் எல்எச்சிங்கிற துகள் மோதல் மெஷின்லருந்து வர்ற டேட்டாவ டேப்லதான் சேத்து வைக்குது. அவங்க எல்டிஎஃப்எஸ் யூஸ் பண்ணல, பழைய லேபிள் முறை, அதுல ஒவ்வொரு ஃபைலுக்கும் தலைப்பு, டேட்டா, முடிவுன்னு மூணு பகுதி, மூணுக்கும் ஆளுக்கொரு டேப் மார்க் (அதே ஃபைல் மார்க்தான்). ஒவ்வொரு மார்க்குக்கும் பஃபர் இறங்குற வரைக்கும் காத்திருந்தா, சின்ன ஃபைல் நிறைய வரும்போது டிரைவ் எழுதுற நேரத்த விட நிக்கிற நேரம்தான் அதிகம். தீர்வு என்னன்னா, மார்க்கையும் டேட்டா மாதிரியே பஃபர்ல போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போறது, ஒரு கொத்து ஃபைல் முடிஞ்சதும் ஒரே ஒரு தடவ நிஜமா இறக்கச் சொல்றது. டிரைவ்ல இதுக்கு வசதி ஏற்கனவே இருந்துச்சு, லினக்ஸ் டேப் டிரைவர்லதான் இல்ல, அப்புறம் எம்டிவெயோஃபை (MTWEOFI)ன்னு புதுசா ஒரு கமாண்டு சேத்தாங்க. ஹார்டுவேர ஒரு ஆணி கூட மாத்தல. கொத்து நடுவுல ஏதாவது ஆனா அந்தக் கொத்த மட்டும் திரும்ப எழுதணும், அவ்வளவுதான், ஏன்னா டேப்ல நிஜமா இறங்குச்சுன்னு உறுதியான அப்புறம்தான் டிஸ்க்ல இருக்கிற காப்பிய அழிப்பாங்க. எனக்கு இதுல பிடிச்சதே அந்தக் கடைசிப் பாதிதான், வேகத்துக்காக ரிஸ்க் எடுத்தா அந்த ரிஸ்க்க தாங்குற இடம் வேற எங்கயாவது இருக்கணும்.

எல்டிஎஃப்எஸ்ல அந்த இடம் எங்கன்னு பாக்க ஒரு பவர் கட்ட நடத்திப் பாப்போம். டேப்ப மவுண்ட் பண்ணும்போது இண்டெக்ஸ் பார்டிஷன்ல 41-வது ஜெனரேஷன் இண்டெக்ஸ் இருக்கு (புதுசா எழுத எழுத இந்த நம்பர் கூடும்). நீங்க காப்பி பண்ண ஆரம்பிக்கிறீங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா 42, 43, 44-ன்னு இண்டெக்ஸ் எழுதப்படுது, ஆனா எல்லாம் டேட்டா பார்டிஷன்லயே, ஃபைல்களுக்கு நடுவுலயே. ஒவ்வொரு தடவையும் இண்டெக்ஸ் பார்டிஷனுக்கு ஓடிப் போய் எழுதிட்டுத் திரும்பி வந்தா கட்டுப்படியாகாதுல்ல, அதனால அங்க எழுதுறது அன்மவுண்ட் பண்ணும்போதுதான். 44-க்கு அப்புறம் மூணு நிமிஷத்துல கரண்டு போயிருது. இப்ப இண்டெக்ஸ் பார்டிஷன் 41-ன்னு சொல்லுது, டேட்டா பார்டிஷன்ல 44 வரைக்கும் இருக்கு, அதுக்கும் பின்னாடி பேர் தெரியாத மூணு நிமிஷ டேட்டா கிடக்கு.

அடுத்து மவுண்ட் பண்ணும்போது இது எப்படித் தெரியும்? கேட்ரிஜ்ஜுக்குள்ள ஒரு சின்ன மெமரி சிப் இருக்கு, டேப்பத் தொடாமலே ரேடியோல படிக்கலாம். எல்டிஎஃப்எஸ் இண்டெக்ஸ எழுதும்போதெல்லாம் ஜெனரேஷன் நம்பர், அது எந்த பிளாக்ல இருக்கு, கூடவே டேப்ல எழுத எழுத மாறுற ஒரு கவுண்டரோட மதிப்பு, இதையெல்லாம் அந்த சிப்ல குறிச்சு வைக்கும். குறிச்சு வச்ச கவுண்டரும் இப்ப இருக்கிற கவுண்டரும் ஒண்ணா இருந்தா, யாரும் கை வைக்கல, நேரா போகலாம். ஒத்துப் போகலைன்னா கடைசி இண்டெக்ஸுக்கு அப்புறம் என்னமோ எழுதப்பட்டிருக்கு, ஒண்ணு பாதில நின்னிருக்கு, இல்ல வேற ஏதோ சாஃப்ட்வேர் இந்த டேப்ல கை வச்சிருக்கு. இந்த ஒரு செக்கால நல்லா இருக்கிற டேப்புகளுக்கு மவுண்ட் நேரம் மிச்சம், கெட்டுப்போன டேப்ப கண்ண மூடிக்கிட்டு நம்புறதும் இல்ல. ஒரே வேலைல வேகமும் பத்திரமும் சேந்து வர்றது இந்த ஃபீல்டுல அபூர்வம், அதனாலதான் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்.

அப்புறம் செக் டூல ஓட்டினா அது டேட்டா பார்டிஷனோட கடைசிக்குப் போய் 44-ஐக் கண்டுபிடிச்சு டேப்ப சரி பண்ணும். 44-க்குப் பின்னாடி கிடக்கிற அந்த மூணு நிமிஷ சமாச்சாரத்துக்கு ஃபைல் பேரோ எக்ஸ்டெண்டோ கிடையாது, அதுல இருந்த ஃபைல்கள மறுபடி காப்பி பண்ணிக்கணும், அதனால ஒரிஜினல உடனே அழிச்சிருக்கக் கூடாது. இன்னொரு நல்ல விஷயம், ஒவ்வொரு இண்டெக்ஸும் தனக்கு முந்தினது டேட்டா பார்டிஷன்ல எங்க இருக்குன்னு குறிச்சு வச்சிருக்கும், 44-லருந்து 43, அதுலருந்து 42-ன்னு சங்கிலி மாதிரி பின்னாடியே போகலாம். டெலீட் பண்ணினாலும் டேட்டா அழியாதுன்னு சொன்னேன்ல, அதனால தப்பா அழிச்ச ஃபோல்டர பழைய ஜெனரேஷனுக்கு ரோல்பேக் பண்ணி மீட்டுரலாம். இடம் வீணாகுதேன்னு மேல குறை சொன்னது இங்க வந்து கை குடுக்குது.

மீடியா கெட்டுப் போறதப் பத்தி நெறைய பேர் பயப்படுவாங்க, அங்க எனக்கு அவ்வளவு கவலை இல்ல. எழுதுற ஹெட்டுக்குப் பின்னாடியே படிக்கிற ஹெட் வரும், எழுதினத உடனே படிச்சுப் பாத்து சரியில்லைன்னா அந்தப் பகுதிய டேப்ல தள்ளி மறுபடி எழுதிரும், மேல ரெண்டு அடுக்கு ரீட்-சாலமன்ங்கிற பிழை திருத்தம் வேற. திருத்தவே முடியாத பிழை 1-க்குப் பின்னாடி 19 சைபர் போட்ட அத்தனை பிட்டுக்கு ஒண்ணுக்கு மேல வராதுன்னு எல்டிஓ ஸ்பெக் சொல்லுது, அதாவது குறைஞ்சது சுமார் 69,000 எல்டிஓ-9 டேப் முழுசா படிச்சாத்தான் ஒண்ணு. ஆபத்து அதுக்கு முன்னாடியே இருக்கு: சர்வர் மெமரிலருந்து கேபிள் வழியா டிரைவுக்குப் போற வழில ஒரு பிட் மாறிட்டா, டிரைவ் அந்தத் தப்பான பிட்ட ரொம்ப விசுவாசமா 30 வருஷத்துக்குப் பாதுகாக்கும். அதுக்குத்தான் லாஜிக்கல் பிளாக் ப்ரொடெக்ஷன்னு ஒண்ணு, சர்வரே ஒவ்வொரு பிளாக் பின்னாடியும் 4 பைட் செக்சம் (டேட்டா மாறலைன்னு சரிபாக்குற எண்) ஒட்டி அனுப்பும், டிரைவ் சரிபாத்துத்தான் வாங்கும், படிக்கும்போதும் அதே செக்சமோட திருப்பிக் குடுக்கும். எல்டிஎஃப்எஸ்ல ஒரு மவுண்ட் ஆப்ஷன்தான், போட்டு வைங்க.

வழக்கமான சாஃப்ட்வேர் பக் டேப்புக்கு எட்டாதுங்கிறதும் சும்மா இல்ல. 2011 பிப்ரவரில ஜிமெயில்ல ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் சொதப்பி 0.02 சதவீதம் பேரோட மெயில் எல்லாம் காணாமப் போச்சு, பல டேட்டா சென்டர்ல இருந்த டிஸ்க் காப்பிகளையும் அந்த பக் சேத்துத் தின்னுருச்சு. கடைசில ஆஃப்லைன்ல இருந்த டேப்லருந்துதான் கூகுள் மீட்டெடுத்துச்சு.

இனி படிக்கிற பக்கம், முதல்ல சொன்ன ஆயிரம் ஃபைல் கதை. விண்டோஸ்ல ஒரு ஃபோல்டரத் தொறந்தா போதும், எக்ஸ்ப்ளோரர் ப்ரிவியூ காட்டுறேன்னு ஒவ்வொரு படத்தோட தலைப்பையும் படிக்கப் போகும், டேப் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் அலையும், நீங்க கம்ப்யூட்டர் ஹேங் ஆயிருச்சுன்னு நினைப்பீங்க. ப்ரிவியூவ ஆஃப் பண்றதுதான் முதல் வேலை. அடுத்து, காப்பி பண்ற வரிசை. எல்டிஎஃப்எஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஸ்டார்ட்பிளாக்னு ஒரு எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் (ஃபைலோட ஒட்டி வர்ற கூடுதல் குறிப்பு) காட்டும், டேப்ல எந்த பிளாக்ல ஆரம்பிக்குதுன்னு. அத வச்சு சார்ட் பண்ணி அந்த வரிசைல காப்பி பண்ணினா டேப் அங்கயும் இங்கயும் அலையாம சால் சாலா வரிசையா போய்க்கிட்டே இருக்கும். ஓப்பன் சோர்ஸ் வெர்ஷன்லயே இதுக்குன்னு ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கு. வேஷத்துக்கு நடுவுலயே "நான் டேப்தான்பா"ன்னு காதுல சொல்ற மாதிரி ஒரு வசதி, மொத்த எல்டிஎஃப்எஸ்லயும் எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

நிறைய ஃபைல் எடுக்கும்போது பிளாக் வரிசை போதும். 18 டிபில அங்கொண்ணும் இங்கொண்ணுமா கொஞ்சம் ஃபைல்தான் வேணும்னா பிளாக் வரிசை அவ்வளவு நல்லதில்ல, ஏன்னா சால் சாலா போற டேப்ல நம்பர்படி தூரமா இருக்கிறது பக்கத்து சால்லயே இருக்கலாம்னு பாத்தோம்ல. எந்த பிளாக் எந்த சால்ல எங்க இருக்குன்னு துல்லியமா தெரிஞ்சது டிரைவுக்கு மட்டும்தான், அதனால லிஸ்ட்ட டிரைவ்கிட்டயே குடுத்து "எந்த வரிசைல படிச்சா நல்லது"ன்னு கேக்குற வசதி முதல்ல ஐபிஎம்மோட விலை கூடின என்டர்ப்ரைஸ் டிரைவ்கள்ல வந்துச்சு, எல்டிஓ-9-ல ஃபுல்-ஹைட் (உயரம் கூடின பெரிய சைஸ்) டிரைவ்களுக்கும் வந்துருச்சு. ஆனா ஃபைல் சிஸ்டம் வழியா ஒவ்வொரு ஃபைலா கேட்டா டிரைவுக்கு மொத்த லிஸ்ட் தெரியவே வாய்ப்பில்ல, மேல ஒரு சாஃப்ட்வேர் கோரிக்கைகள சேத்து வச்சு மொத்தமா குடுத்தாத்தான் பலன்.

எழுதும்போதே இதுக்கு வழி பண்ணலாம். நாலு காப்பி வேலைய ஒரே நேரத்துல ஓட்டாதீங்க, நாலு ஃபைலோட துண்டுகளும் மாத்தி மாத்தி டேப்ல விழும், படிக்கும்போது ஒவ்வொண்ணும் துண்டு துண்டா வரும். குட்டி ஃபைல்கள, உதாரணமா டெக்ஸ்ட், தம்ப்நெயில், ஃபார்மட் பண்ணும்போதே ஒரு விதி குடுத்து இண்டெக்ஸ் பார்டிஷன்ல வைக்கச் சொல்லலாம், சைஸ வச்சோ பேர வச்சோ. அடிக்கடி பாக்குறது ஒரே இடத்துல இருக்கும், மவுண்ட் பண்ணும்போதே மெமரிக்கு ஏத்திக்கவும் முடியும். சென்சார் டேட்டா மாதிரி கோடிக்கணக்குல குட்டி ஃபைல் இருந்தா எல்டிஎஃப்எஸ்ல நேரா கொட்டுறதே தப்பு, டார் கட்டிப் பெரிய ஃபைலா போடுங்க. இண்டெக்ஸ் பெருசாகுற பிரச்சனைக்கு ஸ்டாண்டர்டோட 2.5 வெர்ஷன்ல இன்க்ரிமெண்டல் இண்டெக்ஸ் சேத்திருக்காங்க, போன தடவைக்கப்புறம் மாறினத மட்டும் எழுதினா போதும், நடுநடுவுல முழுசு ஒண்ணு. ஜிபி கணக்கு எம்பி கணக்காயிரும், அப்ப இன்னும் அடிக்கடி எழுதலாம், கரண்டு போனா இழக்கிற நிமிஷமும் குறையும். மவுண்ட் பண்ணும்போது துண்டுகள ஒட்டிப் பாக்குற வேலை கூடும்தான், இருந்தாலும் நஷ்டமில்ல.

கடைசியா ஒண்ணு, ஃபார்மட் ஓப்பனா இருக்குன்னு மட்டும் நம்பி பீரோல பூட்டி வைக்காதீங்க. எல்டிஓ-7 வரைக்கும் டிரைவ்கள் ரெண்டு தலைமுறை பழைய டேப்பையும் படிச்சுச்சு, எல்டிஓ-8லருந்து ஒண்ணாச்சு, 2025-ல வந்த எல்டிஓ-10 டிரைவ் எல்டிஓ-9 டேப்பக் கூட படிக்காது. எக்ஸ்எம்எல்ல அம்பது வருஷம் கழிச்சும் புரிஞ்சுக்கலாம், ஆனா டேப்ப உள்ள விட டிரைவ் வேணும்ல, அதனால சில வருஷத்துக்கு ஒருக்கா புது டேப்புக்கு மாத்துறது இந்த விலையோட ஒரு பாகம்தான். மாத்தும்போது ஸ்டார்ட்பிளாக் வரிசைல உருவுங்க, டேப்புக்கு பன்னண்டரை மணி நேரம். ஒவ்வொரு ஃபைலோட ஹேஷையும் (உள்ள இருக்கிறத வச்சுக் கணக்கிடுற கைரேகை மாதிரி எண்) முதல் தடவ எழுதும்போதே எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டா இண்டெக்ஸ்ல போட்டு வச்சிருந்தீங்கன்னா, காப்பி ஓட ஓட சரிபாத்துக்கிட்டே போகலாம், இன்னொரு தடவ டேப்ப ஓட்ட வேண்டியதில்ல.